மார்க் போடாத அறை!



விளையாடும்போது கீழே விழுந்து முழங்காலில் சிராய்த்துக் கொண்டால் என்ன நடக்கும்? ரத்தத்தைப் பார்த்ததும் நண்பர்கள் ஓடி வருவார்கள். பி.டி. சார் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பஞ்சில் மருந்தைத் தொட்டுத் தடவுவார். வீட்டுக்குப் போனால் பாட்டி, 'ஐயோ, என் ராசா!' என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்வார்.

சரி, மனதில் சிராய்ப்பு ஏற்பட்டால்?

ரத்தம் வராது. வீக்கம் இருக்காது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சில சமயம் நமக்கே தெரியாது! ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூக்கம் வராது. திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கும். தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். பிடித்த விளையாட்டு கூடப் பிடிக்காமல் போகும். 'பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவதற்காக நடிக்கிறான்' என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த வயிற்றுவலி நடிப்பு அல்ல. அது ஒரு செய்தி. தபாலில் வருகிற கடிதம் மாதிரி, மனசு நமக்கு அனுப்புகிற கடிதம்!

அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க உதவுவதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் பள்ளி மனநல ஆலோசகர்கள். அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் நிறைய பள்ளிகளில், தலைமை ஆசிரியர் அறை, நூலகம் என்று இருப்பதைப் போலவே இவர்களுக்கும் ஓர் அறை இருக்கும். அந்த அறையில் பாடம் நடத்த மாட்டார்கள். பரீட்சை வைக்க மாட்டார்கள். மார்க்கும் போட மாட்டார்கள்! பிறகு என்னதான் செய்வார்கள்? வாருங்கள், உள்ளே எட்டிப் பார்ப்போம். அதற்கு முன், இந்த அறை எப்படி உருவானது என்று கொஞ்சம் கதை கேட்போம்.

ஒரு டீச்சர் கேட்ட கேள்வி

1896-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். அங்கே மார்கரெட் மகுவையர் என்று ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். அவருடைய வகுப்பில் 14 வயதுப் பையன் ஒருவன் படித்தான். நல்ல புத்திசாலி. ஆனால், ஸ்பெல்லிங் மட்டும் வரவே வராது! எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் தப்பும் தவறுமாகத்தான் எழுதுவான்.

இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்தக் காலத்தில் என்ன சொல்வார்கள்? 'சோம்பேறி', 'மக்கு' என்று ஒரு பட்டத்தைக் கொடுத்துப் பின்பெஞ்சில் உட்கார வைத்து விடுவார்கள். மகுவையர் டீச்சர் அப்படிச் செய்யவில்லை. அவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் வகுப்புக்கும் போய்க் கொண்டிருந்தார். அங்கே பாடம் நடத்திய லைட்னர் விட்மர் என்ற பேராசிரியரிடம் இந்தப் பையனைப் பற்றிச் சொன்னார். மனதைப் பற்றி இவ்வளவு படிக்கிறோமே, அந்தப் படிப்பு இந்தப் பிள்ளைக்கு உதவ வேண்டாமா என்பதுதான் அவருடைய எண்ணம்.

விட்மர் அந்தப் பையனை அழைத்து உட்கார வைத்துப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? முதலில், அவனுடைய கண் பார்வையிலேயே கோளாறு இருந்தது! கண்ணாடி போட ஏற்பாடு செய்தார்கள். அதோடு, சொற்களை மனதில் பதிய வைத்துக் கொள்வதிலும் அவனுக்குச் சிரமம் இருந்தது. அதற்கென்று தனிப் பயிற்சி கொடுத்தார்கள். பையன் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினான்.

அதே 1896-இல், அந்தப் பல்கலைக்கழகத்தில் விட்மர் ஓர் உளவியல் உதவி நிலையத்தைத் தொடங்கினார். உலகின் முதல் உளவியல் உதவி நிலையம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பார்த்தீர்களா, குட்டீஸ்! 'இவன் ஏன் இப்படி இருக்கிறான்?' என்று திட்டுவதற்காகக் கேட்காமல், தெரிந்து கொள்வதற்காக ஒரு டீச்சர் கேட்டார். அதிலிருந்து ஒரு புதிய துறையே பிறந்து விட்டது!

இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து, 1906-07-இல், நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்ட் ஆகிய அமெரிக்க நகரங்களில் 'வருகை ஆசிரியர்கள்' என்று ஒரு கூட்டம் புறப்பட்டது. பள்ளிக்குச் சரியாக வராத பிள்ளைகளின் வீட்டுக்கே இவர்கள் நடந்து போனார்கள். வீட்டில் சாப்பாடு இருக்கிறதா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, பிள்ளை வேலைக்குப் போகிறதா என்று கேட்டார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் மாதிரி வேலை செய்தார்கள்.

கணக்கு வராத பையன்

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. அங்கே 1870-இல் ஆல்ஃபிரட் அட்லர் பிறந்தார். சின்ன வயதில் எலும்பு பலவீன நோய் வந்ததால் மற்றக் குழந்தைகளைப் போல ஓடியாட முடியவில்லை. ஐந்து வயதில் நிமோனியா காய்ச்சல் வேறு வந்து, பிழைப்பதே கடினம் என்ற நிலை. பிழைத்து எழுந்ததும், 'நான் டாக்டர் ஆவேன்' என்று முடிவு செய்தாராம்.

ஆனால், பள்ளியில் கணக்கு வரவில்லை! 'இவனைப் படிக்க வைத்துப் பயனில்லை. செருப்புத் தைக்கும் வேலையில் சேர்த்து விடுங்கள்' என்று ஆசிரியர் அப்பாவிடம் சொல்லி விட்டார். அப்பா கேட்கவில்லை, பிள்ளைக்குத் தைரியம் சொல்லித் தொடர்ந்து படிக்க வைத்தார். பிறகு ஒருநாள், ஆசிரியரே திணறிய ஒரு கணக்கை எழுந்து போய்ப் போட்டுக் காட்டினாராம் அட்லர்! இது அவரே பிற்காலத்தில் சொன்ன கதை. சொன்னபடியே 1895-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தபோது வியன்னா நகரம் பசியிலும் வறுமையிலும் வாடியது. அப்பாவை இழந்த பிள்ளைகள், திருடப் பழகிய பிள்ளைகள், பள்ளியில் யாரோடும் ஒட்டாத பிள்ளைகள் என்று நிறைய பேர் இருந்தார்கள். அவர்களுக்காக அட்லரும் அவருடைய நண்பர்களும் ஆலோசனை நிலையங்களைத் திறந்தார்கள். பள்ளிக்கூடங்களோடு சேர்ந்தே இவை நடந்தன என்பதுதான் விசேஷம்! சில ஆண்டுகளில் வியன்னாவில் சுமார் 30 நிலையங்கள் வந்து விட்டன.

அங்கே முதலில் ஆசிரியர் வந்து பிள்ளையைப் பற்றிச் சொல்வார். அப்புறம் அம்மா, அப்பாவிடம் பேசுவார்கள். அதன் பிறகு பிள்ளையை அழைத்துப் பேசுவார்கள். மூன்று பேரையும் கேட்டால்தானே முழுக் கதையும் தெரியும்? தைரியம் இழந்த பிள்ளைதான் குறும்பு செய்கிறது. அதற்குத் தண்டனை தேவையில்லை, தைரியம்தான் தேவை என்பது அட்லரின் கருத்து. செருப்புத் தைக்கப் போகச் சொல்லப்பட்ட பையன் அல்லவா? அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்!

1934-இல் ஆஸ்திரியாவில் ஆட்சி முறை மாறி, அந்த நிலையங்கள் மூடப்பட்டன. அட்லர் அமெரிக்காவுக்குப் போனார். 1937-இல் சொற்பொழிவுப் பயணத்தின்போது ஸ்காட்லாந்தில் இறந்தார். ஆனால், அவருடைய மாணவர்கள் அந்த முறையை வேறு நாடுகளுக்குக் கொண்டு போய் விட்டார்கள்.

அதிசயப் பெட்டி

அடுத்து லண்டன். அங்கே மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்று ஒரு குழந்தை மருத்துவர். 1928-இல் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். பெரியவர்கள் வருத்தத்தை வாயால் சொல்லி விடுவார்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாதே, என்ன செய்வது?

அவர் ஒரு பெட்டியில் சின்னச் சின்ன பொம்மைகள், குச்சிகள், காகிதம், உலோகத் துண்டுகள் எல்லாவற்றையும் போட்டு வைத்தார். குழந்தைகள் அதற்கு 'அதிசயப் பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். அறையில் மணல் நிரப்பிய தட்டும் இருந்தது. யாரும் சொல்லித் தராமலேயே குழந்தைகள் பெட்டியில் இருந்த பொம்மைகளை எடுத்து மணலில் வைத்து வீடு, வேலி, மனிதர்கள், மிருகங்கள் என்று அடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு 'உலகம்' என்றும் பெயர் சூட்டினார்கள்!

வாயால் சொல்ல முடியாததை மணலில் சொன்னார்கள் அந்தக் குழந்தைகள். இன்றைக்கும் பல பள்ளி ஆலோசகர்களின் அறையில் மணல் தட்டும் பொம்மைகளும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

உள்ளே என்ன நடக்கும்?

இப்போது இன்றைய அமெரிக்கப் பள்ளி ஒன்றில் நுழைவோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இந்தப் பையன் கற்பனைதான். ஆனால், அந்த அறையில் நடக்கும் வேலை இப்படித்தான் இருக்கும்.

நன்றாகப் படித்துக் கொண்டிருந்தவன் திடீரென்று வீட்டுப்பாடம் செய்வதில்லை. பக்கத்தில் இருப்பவனின் நோட்டைக் கிழித்து விட்டான். வாரத்தில் மூன்று நாள், 'வயிறு வலிக்கிறது' என்று பள்ளி நர்ஸிடம் போகிறான். டாக்டர் பார்த்து, வயிற்றில் நோய் எதுவும் இல்லை என்று சொல்லி விட்டார்.

வகுப்பு ஆசிரியை ஆலோசகரிடம் சொல்கிறார். ஆலோசகர் உடனே பையனைக் கூப்பிட்டு விசாரணை நடத்துவதில்லை. முதலில் பெற்றோரிடம் பேசி, அவர்களுடைய சம்மதத்தைப் பெறுகிறார். பிறகுதான் பையன் அந்த அறைக்குள் வருகிறான்.

அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று உட்காருவதில்லை. தரையில் பாய் விரித்திருக்கும். களிமண், வண்ணப் பென்சில், சீட்டு விளையாட்டு, பொம்மைகள் எல்லாம் இருக்கும். முதல் நாள் இரண்டு பேரும் சீட்டு மட்டும் விளையாடுகிறார்கள். 'நோட்டை ஏன் கிழித்தாய்?' என்ற கேள்வியே வரவில்லை! பையனுக்கு ஆச்சரியம்.

இரண்டாவது வாரம், 'உன் வீட்டை வரைந்து காட்டுகிறாயா?' என்று கேட்கிறார். பையன் வரைகிறான். வீட்டுக்குள்ளே அப்பா, அம்மா, தங்கை. பையன் மட்டும் வீட்டுக்கு வெளியே, மரத்தடியில் நிற்கிறான்.

'நீ ஏன் வெளியே நிற்கிறாய்?'

ரொம்ப நேரம் பதில் இல்லை. ஆலோசகரும் அவசரப்படுத்தவில்லை. காத்திருப்பதும் அவருடைய வேலைதான்! கடைசியில் பையன் சொல்கிறான்: 'நான் உள்ளே இருந்தால் சண்டை வருகிறது.'

விஷயம் இதுதான். அப்பாவுக்கு வேலை போய் விட்டது. வீட்டில் தினமும் பணத்தைப் பற்றிப் பேச்சு. பேச்சு முற்றிச் சண்டை. ஒருநாள் பையன் புது ஷூ கேட்டான். அன்றைக்குப் பெரிய சண்டை. 'எல்லாம் என்னால்தான்' என்று அவன் நினைத்துக் கொண்டான். அந்த நினைப்பைத்தான் ஆறு மாதமாகத் தனியாகச் சுமந்து கொண்டிருந்தான்.

குழந்தைகள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பெரியவர்கள் சண்டை போட்டால், காரணம் தெரியாத குழந்தை தன்னையே காரணமாக்கிக் கொள்ளும். இது உலகம் முழுவதும் நடப்பது.

அடுத்து, ஆலோசகர் பையனிடம் கேட்கிறார்: 'இதை அப்பா, அம்மாவிடம் சேர்ந்து பேசலாமா? எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று நீயே சொல்.' பையன் சம்மதிக்கிறான். ஒரு மாலையில் பெற்றோர் வருகிறார்கள். பையன் தன் படத்தை மேஜையில் வைக்கிறான். வாயைத் திறக்கவில்லை. படமே பேசுகிறது! அப்பாவின் கண்கள் கலங்குகின்றன. 'எனக்கு வேலை போனதற்கு நீ எப்படிக் காரணமாவாய்? சண்டைக்கும் நீ காரணம் இல்லை' என்கிறார்.

உடனே எல்லாம் சரியாகி விட்டதா? இல்லை, குட்டீஸ். அப்பாவுக்கு மறுநாளே வேலை கிடைத்து விடவில்லை. ஆனால், பணக் கஷ்டத்தைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்வது, கோபம் வந்தால் கத்தாமல் சற்று வெளியே நடந்து விட்டு வருவது என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். பாரமாக இருக்கும் நாளில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார ஆசிரியை அனுமதி கொடுத்தார். பையன் வாரம் ஒருமுறை அறைக்கு வந்தான். சில மாதங்களில் வயிற்றுவலி குறைந்தது. நோட்டைக் கிழித்தானே, அந்த நண்பனிடம் தானாகவே போய் மன்னிப்புக் கேட்டான்.

இந்த வேலை ஏன் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடக்கிறது தெரியுமா? பிள்ளைகள் தினமும் வருகிற இடம் அதுதான். அம்மா லீவு போட வேண்டாம். பஸ் செலவு இல்லை. பிள்ளையைத் தினமும் பார்க்கும் ஆசிரியரும் பக்கத்திலேயே இருக்கிறார்!

இங்கிலாந்தில் 'பிளேஸ் டு பி' என்ற தொண்டு நிறுவனம் 1994-லிருந்து பள்ளிகளில் இந்தச் சேவையைச் செய்து வருகிறது. அங்கே ஒரு பெட்டி இருக்கும். பேச விரும்பும் பிள்ளை, பெயரைச் சீட்டில் எழுதி அதில் போட்டால் போதும். ஆலோசகர் மதிய இடைவேளையில் கூப்பிட்டுப் பேசுவார். 'நண்பனோடு சண்டை', 'எங்கள் நாய்க்குட்டி செத்துப் போச்சு' என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்.

வயிறு ஏன் வலித்தது?

அந்தப் பையனுக்கு வயிற்றில் நோய் இல்லை என்றாரே டாக்டர், பிறகு எப்படி வலித்தது? இங்கே கொஞ்சம் அறிவியல்!

நம் மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி உண்டு. 'அமிக்டாலா' என்று பெயர். கிரேக்க மொழியில் பாதாம் என்று பொருள். இதுதான் நம் உடம்பின் காவல்காரர். ஆபத்து என்று தோன்றினால் உடனே மணி அடிக்கும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் 'அட்ரினலின்' என்ற பொருளை ரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாக அடிக்கும். ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் தயாராகக் கை கால்களுக்கு ரத்தம் அதிகமாகப் போகும். வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறையும். வயிறு பிசையும், குமட்டும், வலிக்கும்.

புலி துரத்தினால் இதெல்லாம் நல்லதுதான். ஆனால், இந்தக் காவல்காரருக்குப் புலிக்கும் கணக்குப் பரீட்சைக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது! அப்பாவின் அதட்டலுக்கும் அதே மணியைத்தான் அடிப்பார். அதனால்தான் சொல்கிறேன், அந்த வயிற்றுவலி பொய் இல்லை.

காவல்காரரைச் சமாதானப்படுத்த ஆலோசகர்கள் ஒரு வழி சொல்லித் தருவார்கள். நீங்களும் செய்து பாருங்கள்! மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் நிதானமாகும். ஐந்தாறு தடவை செய்தால் படபடப்பு குறைவது தெரியும். பரீட்சை ஹாலில் கூடச் செய்யலாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குக் கூடத் தெரியாது!

ரகசியம் காப்பாரா?

'நான் சொல்வதை எல்லோரிடமும் சொல்லி விடுவாரோ?' என்று பயமாக இருக்கிறதா? நியாயமான பயம்தான்.

நல்ல ஆலோசகர் முதல் நாளே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி விடுவார். 'நீ சொல்வதை ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் சொல்ல மாட்டேன். ஆனால், மூன்று விஷயங்களை மட்டும் மறைக்க மாட்டேன். உன்னை யாராவது துன்புறுத்தினால், நீ உன்னையே துன்புறுத்திக் கொள்ள நினைத்தால், நீ மற்றவரைத் துன்புறுத்தப் போவதாக இருந்தால், உதவி செய்யக் கூடியவர்களிடம் சொல்லியே தீருவேன். உன்னைக் காப்பாற்றுவது என் கடமை' என்பார்.

இன்னொரு சந்தேகமும் சிலருக்கு உண்டு. 'அங்கே போனால் பைத்தியம் என்று சொல்வார்களே!' காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால் வெட்கப்படுகிறோமா? இதுவும் அப்படித்தான். மருந்து எழுதிக் கொடுப்பது மனநல மருத்துவரின் வேலை. பள்ளி ஆலோசகர் பேச்சு, விளையாட்டு, படம், பயிற்சி இவற்றைக் கொண்டு உதவுவார். மருந்து தேவை என்று தோன்றினால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்.

நீங்களும் ஆகலாம்!

வகுப்பில் யாராவது அழுதால் முதலில் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்காருபவரா நீங்கள்? மற்றவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்பவரா? அப்படியானால் இந்த வேலை உங்களுக்கு ஏற்றது!

அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் முடித்து, உளவியல், ஆலோசனை அல்லது சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும் வாங்க வேண்டும். அதன் பிறகும், அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் நீண்ட காலம் வேலை பார்த்த பிறகுதான் தனியாகப் பணி செய்ய உரிமம் கிடைக்கும். நம் நாட்டிலும் உளவியல், சமூகப் பணி ஆகிய பட்டப் படிப்புகள் பல கல்லூரிகளில் இருக்கின்றன. பெங்களூரில் உள்ள 'நிம்ஹான்ஸ்' நிறுவனம் மனநலப் படிப்புக்கும் சிகிச்சைக்கும் பெயர் பெற்றது. குழந்தைகளுக்கென்றே அங்கே தனித் துறை உண்டு.

சுலபமான வேலை என்று நினைத்து விடாதீர்கள்! நாள் முழுவதும் பிறரின் துக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்டு விட்டு, தானும் கலங்கி உட்கார்ந்து விடக் கூடாது. அறிவுரையை அள்ளி வீசாமல் காதைக் கொடுக்க வேண்டும். நான் பல வருடம் வகுப்பறையில் நின்று பேசியவன். அதனால் சொல்கிறேன், குட்டீஸ்... பேசுவதை விடக் கேட்பது கஷ்டம்!

எங்கள் பள்ளியில் அந்த அறை இல்லையே?

நம் ஊரில் எல்லாப் பள்ளிகளிலும் ஆலோசகர் கிடையாது. உங்கள் பள்ளியிலும் இல்லாமல் இருக்கலாம். அறை இல்லாவிட்டால் என்ன? கேட்கும் காது இருந்தால் போதும்!

ஒரு தாளை எடுங்கள். 'கஷ்டம் வந்தால் நான் யாரிடம் சொல்வேன்?' என்று எழுதி, கீழே மூன்று பெரியவர்களின் பெயரை எழுதுங்கள். அம்மா, தாத்தா, அத்தை, வகுப்பு டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா... யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஏன் மூன்று பேர்? முதலில் சொன்னவர், 'சும்மா இரு, இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று சொல்லி விடலாம். அப்போது விட்டு விடாதீர்கள். இரண்டாவது ஆளிடம் சொல்லுங்கள். அவரும் கேட்காவிட்டால் மூன்றாவது ஆளிடம் சொல்லுங்கள். காது கொடுத்துக் கேட்பவர் கிடைக்கும் வரை சொல்லுங்கள்!

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா? 'எனக்கு ஒரு விஷயம் கஷ்டமாக இருக்கிறது. திட்டாமல் கேட்பீர்களா?' இந்த ஒரு வரி போதும். வாயால் சொல்ல வரவில்லையென்றால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். படம் வரைந்து காட்டுங்கள்.

உங்கள் நண்பன் திடீரென்று யாரோடும் பேசாமல் தனியாக உட்கார்ந்தால்? கிண்டல் செய்யாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். 'என்னடா, என்னமோ மாதிரி இருக்கே?' என்று கேளுங்கள். அவன் தன்னைத் தானே காயப்படுத்திக் கொள்ளப் போவதாகச் சொன்னாலோ, பெரியவர் யாரோ தொந்தரவு செய்கிறார் என்று சொன்னாலோ, 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சரி, உடனே நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லி விடுங்கள். அது கோள் சொல்வது அல்ல. அது நண்பனைக் காப்பாற்றுவது!

இந்த எண்களைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்

14416 - 'டெலி மானஸ்' மனநல உதவி எண். மத்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. இலவசம். இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

1098 - குழந்தைகளுக்கான உதவி எண். யாராவது அடித்தாலோ, துன்புறுத்தினாலோ, வேலைக்கு அனுப்பினாலோ கூப்பிடலாம். இதுவும் இலவசம்.

இந்த இரண்டு எண்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குத் தேவைப்படலாம்.

மகுவையர் டீச்சரின் வகுப்பில் இருந்த பையன் மக்கு இல்லை. அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அட்லர் முட்டாள் இல்லை. அவருக்குத் தைரியம் சொல்ல ஆள் தேவைப்பட்டது. வயிறு வலித்த பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் திட்டாமல், 'என்ன காரணம்?' என்று கேட்டார். கதை மாறி விட்டது!

அதனால், செல்லங்களே, மனசு கனமாக இருக்கும் நாளில், 'நான் கெட்ட பிள்ளை' என்று முடிவு கட்டி விடாதீர்கள். மனசு ஏதோ கடிதம் அனுப்பியிருக்கிறது. தனியாகப் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு பிரியுங்கள்.

என்ன, அந்த மூன்று பெயரை எழுதப் பென்சிலை எடுத்து விட்டீர்களா?